சேர் பொன்னம்பலம் இராமநாதனும் சோனகரும்

சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1851இற் கொழும்பிற் பிறந்து, 1879இற் சட்டநிரூபண சபையில் தமிழ்ப் பிரதிநிதியாக அமர்ந்தார். மருதனார்மடத்து மகளிர் கல்லூரியும் பரமேசுவராக் கல்லூரியும் அவர் கொடை என்பதை மாணவர் அறிவர். கல்முனைக் கரையிலுள்ள நாமோ அவரை வேறொரு காரணம்பற்றியும் நினைக்கின்றோம்.

1888இல் றோயல் ஆசிய சங்கத்தின் இலங்கைக் கிளைக்கு அவர் அளித்த கட்டுரை, சோனகர் இனத்தால் தமிழரே என முடிபு கூறிற்று. மொழியும் வழக்கங்களும் அதற்குச் சான்றாயின. எம் பகுதியை நோக்கின், இரு சாராரும் பேசுவது தமிழ். தாய்வழிக் குடிமுறை இருவர்க்கும் உண்டு. மனை மகளுக்கே சீதனமாகும். இதனினும் வலிய சான்று வேறெங்கே? ஆயினும் அக்கட்டுரையை வெறும் ஆராய்ச்சியாகச் சோனகர் கொள்ளவில்லை. சபையில் தமக்குத் தனி ஆசனம் வேண்டியிருந்த காலம் அது. மறு ஆண்டே எம். சி. அப்துல் றகுமான் முதற் சோனக உறுப்பினரானார். 1907இல் ஐ. எல். எம். அப்துல் அஸீஸ், அராபிய மரபை நிலைநாட்டி மறுப்புநூல் வெளியிட்டார். ஒருவர் இன்னார் என்பதை மற்றொருவர் தீர்த்துவைத்தலை எம் மனமும் ஒப்பவில்லை.

1915ஆம் ஆண்டுக் கலவரத்தின்பின், சிறைப்பட்ட சிங்களத் தலைவர்களுக்காக இராமநாதன் அஞ்சாது வாதாடினார். அவர் இலங்கை மீண்டபோது சிங்களப் பிரமுகர் அவர் வண்டியைத் தாமே இழுத்துச் சென்றனர். கடைகளையும் பள்ளிவாசல்களையும் இழந்த முஸ்லிம்களுக்கு அக்குரலின் ஆதரவு கிட்டவில்லை. தம் இனத்தார் என முன்னர் அவர் நாட்டியவர் இவர்களே அன்றோ!

டொனமூர் ஆணைக்குழு யாவர்க்கும் வாக்குரிமை விதந்தபோதும் அவர் எதிர்த்தார். ஏழைக்கும் பெண்ணுக்கும் அவ்வுரிமை வேண்டாம் என்பதை, பெண்கல்விக்குப் பொருள் ஈந்தவரிடம் நாம் எதிர்பார்த்திலோம். 1930இல் அவர் காலமானார். அடுத்த ஆண்டு, ஆணும் பெண்ணும் வாக்களித்த முதற்றேர்தலில், மட்டக்களப்புத் தெற்கு மக்கள் முகம்மது மாக்கான் மாக்காரைத் தம் பிரதிநிதியாகத் தெரிந்தெடுத்தனர்.