புனித பிளாசியுஸ்: மூச்சுக்குப் போராடிய சிறுவனைக் காத்த ஆயர்



பிப்ரவரி 2ஆம் நாள், ஆண்டவரைக் காணிக்கையாக அர்ப்பணித்த விழாவில் மெழுகுதிரிகளை மந்திரிக்கிறோம். மறுநாள் புனித பிளாசியுசின் நினைவுநாள். அன்று திருப்பலி முடிந்ததும் இரண்டு மெழுகுதிரிகளைச் சிலுவை வடிவில் பிணைத்து, ஒவ்வொருவருடைய தொண்டையருகிலும் வைத்துக் குருவானவர் ஆசீர் வழங்குகிறார். கைக்குழந்தையோடு வரும் தாய்மார்கள் முதலில் குழந்தையின் தொண்டையைத்தான் காட்டுவார்கள். இந்த வழக்கத்திற்குக் காரணமான புனிதர் யார்?

நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அர்மேனியாவின் செபஸ்தே நகருக்கு ஆயராக இருந்தவர் பிளாசியுஸ். அந்நகர் இன்று துருக்கி நாட்டில் சிவாஸ் என்ற பெயரில் உள்ளது. அவருடைய வரலாறு அவர் இறந்து சில நூற்றாண்டுகள் கழித்தே விரிவாக எழுதப்பட்டது. ஆகவே, நாம் அறிந்திருப்பதில் பெரும்பகுதி திருச்சபையின் மரபு வழியாக வந்ததாகும்.

அந்த மரபின்படி அவர் முதலில் மருத்துவர். நோயாளிகளிடம் அவர் காட்டிய பரிவைக் கண்ட மக்களே அவரைத் தங்கள் ஆயராகத் தேர்ந்துகொண்டார்கள். 313இல் கிறிஸ்தவர்களுக்கு வழிபாட்டு உரிமை கிடைத்திருந்தும், கிழக்குப் பகுதியை ஆண்ட லிசினியுஸ் பின்னர் மீண்டும் அவர்களைத் துன்புறுத்தத் தொடங்கினான். பிளாசியுஸ் மலைக்குகை ஒன்றில் மறைந்து வாழ்ந்தார். அங்கும் அவருடைய மருத்துவப் பணி நிற்கவில்லை. காயம்பட்ட காட்டு விலங்குகள்கூட அவரைத் தேடி வந்து குணமடைந்து சென்றனவாம். வேட்டைக்கு வந்த வீரர்கள் அவரைக் கண்டுபிடித்து, ஆளுநர் அக்ரிகோலாவுசிடம் இழுத்துச் சென்றார்கள்.

வழியில் ஒரு தாய் ஓடிவந்து தன் மகனை அவர் காலடியில் கிடத்தினாள். தொண்டையில் மீன்முள் சிக்கி, மூச்சுவிட முடியாமல் அவன் திணறிக்கொண்டிருந்தான். கைதியாகச் சாவை நோக்கி நடந்துகொண்டிருந்த அந்த ஆயர் அங்கேயே நின்றார். சிறுவன்மீது கைகளை வைத்துச் செபித்தார். சிறுவன் பிழைத்தான். மற்றொரு ஏழைப் பெண், ஓநாயிடமிருந்து தன் பன்றியை மீட்டுத் தந்த நன்றிக்காக, இருண்ட சிறைக்கு உணவும் மெழுகுதிரியும் கொண்டுவந்து கொடுத்தாள். அந்தத் திரிகளின் நினைவே இன்றும் நம் பீடத்தருகே எரிகிறது. இறுதியில் இரும்புச் சீப்புகளால் அவர் உடல் கிழிக்கப்பட்டது. 316ஆம் ஆண்டளவில் தலை வெட்டப்பட்டு மறைசாட்சியானார்.

ஆறாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஏத்தியுஸ் என்ற கிரேக்க மருத்துவர் எழுதிய மருத்துவ நூலிலும் ஒரு குறிப்பு உண்டு. தொண்டையில் சிக்கிய பொருளை அகற்றுவது பற்றிச் சொல்லுமிடத்தில், பிளாசியுசின் பெயரால் வேண்டுவதையும் அவர் சேர்த்திருக்கிறார். அன்றைய மருத்துவருக்குச் சிகிச்சையும் செபமும் எதிரெதிரானவையாகத் தோன்றவில்லை.

நம் மண்ணுக்கும் இது புதிதல்ல. அரியலூர் மாவட்டம் ஏலாக்குறிச்சியில் அடைக்கல மாதாவின் நிழலில் பணியாற்றிய வீரமாமுனிவர், அரியலூர் சிற்றரசரின் ராஜபிளவைக் கட்டியை மூலிகையும் மண்ணும் கொண்டு குணப்படுத்தினார் என்று நம் முன்னோர் சொல்லி வந்திருக்கிறார்கள். அவரும் அன்னையிடம் வேண்டினார். வேண்டிய கைகளாலேயே மருந்தும் பூசினார்.

இங்கே நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். குருவான பிறகு பல ஆண்டுகள் நூற்றுக்கணக்கான தொண்டைகளில் மெழுகுதிரியை வைத்து ஆசீர் அளித்திருக்கிறேன். ஆனால் அவற்றுள் ஒன்று என் கண்முன்னே அடைத்துக்கொண்டால் என்ன செய்வதென்று எனக்குத் தெரியாது. ஒரு விருந்தில் பெரியவர் ஒருவருக்குச் சோறு அடைத்துக்கொண்டபோது எல்லாரோடும் சேர்ந்து நானும் அவர் உச்சந்தலையைத்தான் தட்டினேன். அவராகவே இருமிப் பிழைத்துக்கொண்டார். அதன் பிறகே இதைக் கற்றுக்கொண்டேன்.

நம் வீடுகளில் நிலக்கடலையும் முந்திரியும் புளியங்கொட்டையும் தரையில் கிடக்கின்றன. கொள்ளிடத்து மீனில் முள் அதிகம். மூச்சு முழுவதும் அடைபட்டால் நான்கைந்து நிமிடங்களில் மூளை பாதிப்படையத் தொடங்கும். பெரம்பலூரிலோ அரியலூரிலோ உள்ள மருத்துவமனையிலிருந்து ஆம்புலன்ஸ் நம் கிராமத்துக்கு வந்துசேர அதைவிட நேரமாகும். எனவே, அருகில் இருப்பவரே முதல் மருத்துவர்.

ஒருவர் பலமாக இருமுகிறார், பேசுகிறார் என்றால் அவரை இருமவிடுங்கள், வேறொன்றும் செய்யாதீர்கள். இருமவோ பேசவோ முடியாமல் கழுத்தைப் பிடித்துக்கொண்டால், உடனே ஒருவரை 108ஐ அழைக்கச் சொல்லுங்கள். அவரை முன்னால் குனியவைத்து, இரு தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் 5 முறை பலமாகத் தட்டுங்கள். அடைப்பு நீங்காவிட்டால், பின்னால் நின்று அவரைக் கட்டிப்பிடித்து, ஒரு கையை முஷ்டியாக மடக்கித் தொப்புளுக்குச் சற்று மேலே வைத்து, மறு கையால் அதைப் பற்றி, உள்ளும் மேலுமாக 5 முறை வேகமாக அழுத்துங்கள். 1974இல் அமெரிக்க மருத்துவர் ஹென்றி ஹெய்ம்லிக் இம்முறையை வெளியிட்டார். அடைப்பு நீங்கும்வரை இரண்டையும் மாறி மாறிச் செய்யுங்கள். கர்ப்பிணியானால் வயிற்றில் அல்ல, நடுமார்பில் அழுத்த வேண்டும். வயிற்றில் அழுத்திப் பிழைத்தவரைப் பிறகு மருத்துவரிடம் காட்டுவது அவசியம்.

ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு வயிற்றை அழுத்தக் கூடாது. தலை தாழ்ந்திருக்கும்படி உங்கள் முன்கையில் குப்புறப் படுக்கவைத்து, முதுகில் 5 முறை தட்டுங்கள். பிறகு மல்லாத்தி, நடுமார்பில் 5 முறை அழுத்துங்கள். நினைவிழந்தவரைத் தரையில் கிடத்தி, நடுமார்பில் வேகமாக அழுத்தத் தொடங்குங்கள். உதவி வரும்வரை நிறுத்தாதீர்கள்.

செய்யக் கூடாதவையும் உண்டு. மூச்சு அடைபட்டவருக்குத் தண்ணீர் ஊற்றாதீர்கள். கண்ணுக்குத் தெரியாத பொருளை விரலால் துழாவாதீர்கள். அது இன்னும் உள்ளே போகும். மீன்முள் குத்தி நின்றாலும் மூச்சு சீராக இருந்தால், சோற்று உருண்டையை விழுங்கச் சொல்லாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். சிறு பிள்ளைகளுக்கு முழுக் கடலை கொடுக்காதீர்கள்.

அன்பார்ந்தவர்களே, நல்ல சமாரியர் அடிபட்டவனைச் சாவடிக்குக் கொண்டுபோகும் முன்பே, வழியிலேயே எண்ணெயும் திராட்சை மதுவும் வார்த்துக் காயங்களைக் கட்டினார். அவரிடம் இரக்கம் மட்டுமல்ல, காயத்தைக் கட்டத் தெரிந்த கையும் இருந்தது. கற்றுக்கொள்ள மறுக்கும் பக்தி, அந்தத் தாயின் மகனை வழியிலேயே விட்டுச்செல்லும் பக்தியாகிவிடும்.

வரும் பிப்ரவரி 3ஆம் நாள் தொண்டை ஆசீர் முடிந்ததும் கலைந்துபோகாதீர்கள். உங்கள் பங்கில் செவிலியர் ஒருவர் இருப்பார். அவரை அழைத்து, அரைமணி நேரம் இதைச் செய்துகாட்டச் சொல்லுங்கள். மறைக்கல்வி மாணவர்களும் அன்பியத்தினரும் கையால் பழகட்டும்.

ஆயரும் மறைசாட்சியுமான புனித பிளாசியுசின் பரிந்துரையால், தொண்டை நோய்களிலிருந்தும் எல்லாத் தீமைகளிலிருந்தும் இறைவன் நம்மைக் காப்பாராக. அவர் தந்த உயிர்மூச்சைப் பிறரிடத்தில் காக்கும் கைகளையும் நமக்குத் தருவாராக. ஆமென்.