வண்ணத்தின் மொழியறிந்த வான்கோ

ஓவியம் ஒன்றைக் காணும்போது, அதில் வரையப்பட்ட பொருள் இன்னதென்று ஆராயுமுன்னரே, அதன் வண்ணம் நம் உள்ளத்தைத் தொட்டுவிடுகிறது. சில படங்கள் அமைதி தருகின்றன. சில அச்சம் விளைக்கின்றன. வண்ணத்தின் இவ்வாற்றலை அரிதின் முயன்று கற்ற ஓவியருள் ஒருவர் வின்சென்ட் வான்கோ.

அவர் 1853ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 30ஆம் நாள் நெதர்லாந்து நாட்டுச் சிற்றூர் ஒன்றில் பிறந்தார். தந்தையார் கிறித்தவப் போதகர். வான்கோ இளமையில் ஓவிய வணிக நிலையத்தில் பணியாற்றினார். பின்னர்ப் பெல்ஜிய நாட்டு நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரிடையே சமயத்தொண்டு புரிந்தார். எப்பணியும் நிலைக்கவில்லை. ஓவியமே தம் வழியென 1880இல் துணிந்தார். இளவல் தியோ பொருளுதவி செய்து, தமையனாரின் கலையை வாழவைத்தார்.

1885இல் வான்கோ 'உருளைக்கிழங்கு உண்போர்' என்னும் படத்தை வரைந்தார். மங்கிய விளக்கொளியில் ஏழை உழவர் குடும்பம் உணவருந்தும் காட்சி அது. மண்படிந்த கிழங்கின் நிறத்தையே அவர்தம் முகங்களுக்கும் தீட்டினார். அவ்விருண்ட வண்ணமே அவர்களது உழைப்பையும் வறுமையையும் உணர்த்துகிறது.

மறு ஆண்டு பாரிஸ் நகரம் சென்றவர், ஒளிமிக்க புதிய ஓவியங்களைக் கண்டு வியந்தார். பலநிறக் கம்பளி நூல்களை ஒன்றோடொன்று பிணைத்து உருண்டைகளாக்கி, எவ்வண்ணம் எதனோடு பொருந்தும் என்று சோதித்தார். ஒரு வண்ணம் அருகிலுள்ள வண்ணத்திற்கு ஏற்ப வேறுபட்ட உணர்ச்சியை எழுப்பும் என்பதைத் தெளிந்தார்.

1888இல் பிரான்சின் தென்பகுதியிலுள்ள ஆர்ல் நகரில் குடியேறினார். அவ்வாண்டு செப்டம்பரில் இரவுக் காப்பிக்கடை ஒன்றை வரைந்தார். குருதிச் சிவப்புச் சுவரும் பச்சைக் கூரையும் அதில் ஒன்றோடொன்று மோதுகின்றன. காண்போர் நெஞ்சம் கலங்குகிறது. மறு திங்களில் தம் படுக்கையறையை வரைந்தார். அங்கும் சிவப்புப் போர்வையும் பச்சைச் சாளரமும் உண்டு. ஆயினும், வெளிறிய ஊதாச் சுவரும் வெண்ணெய் நிறக் கட்டிலும் சூழ்ந்திருத்தலால், அவை கலகம் விளைக்காமல் ஓய்வின் இனிமையைத் தருகின்றன. சிவப்பு நிறமி மங்கிவிட்டமையால், அச்சுவர் இன்று நீலமாகத் தோன்றுகிறது.

அவ்வாண்டின் இறுதியில் மனநோய் அவரை வாட்டத் தொடங்கியது. 1889 மே மாதம் மருத்துவமனை புகுந்தார். அங்கும் தூரிகையைக் கைவிட்டாரல்லர். புகழ்பெற்ற 'விண்மீன் இரவு' அங்கிருந்தபோது பிறந்ததே. 1890 ஜூலை 29ஆம் நாள், தம் 37ஆம் வயதில் உயிர் நீத்தார். ஆறு திங்களில் தியோவும் மறைந்தார்.

வாழ்நாளில் வான்கோவின் படங்களை வாங்கியோர் மிகச் சிலரே. தியோவின் மனைவியார் யோகன்னா அப்படங்களையும் கடிதங்களையும் பேணிக் காத்து உலகறியச் செய்தார். ஆம்ஸ்டர்டாம் நகரில் 1973இல் வான்கோ அருங்காட்சியகம் திறக்கப்பட்டது.

தூரிகை ஏந்தும் மாணவர், இலை பச்சை, வானம் நீலம் என்றெண்ணுவதோடு அமைதல் போதாது. இக்காட்சி எவ்வுணர்ச்சியைத் தரவேண்டும், அதற்கு எவ்வண்ணத்தின் அருகே எவ்வண்ணம் அமையவேண்டும் என்று சிந்தித்தல் வேண்டும். வான்கோவின் வாழ்வு நமக்குக் கற்பிக்கும் பாடம் இதுவே.