நான்காம் பிரெடெரிக்: இரு நகரங்களில் பதிந்த ஒரு மன்னரின் மத நம்பிக்கை

டென்மார்க்கின் யூட்லாந்து தீபகற்பத்தில், கிழக்குக் கரையோரமாக அமைந்துள்ள நகரம் பிரெடெரிசியா. அந்நகரையும் தமிழகத்தின் தரங்கம்பாடியையும் சேர்த்து நினைப்பவர்கள் மிகக் குறைவு. ஆனால் 1699 முதல் 1730 வரை டென்மார்க்கையும் நார்வேயையும் ஆண்ட மன்னர் நான்காம் பிரெடெரிக்கின் பெயர் இவ்விரு ஊர்களின் சமய வரலாற்றிலும் இடம்பெற்றுள்ளது.

தரங்கம்பாடிக்கு அவர் கிறிஸ்தவ சமயத் தொண்டர்களை அனுப்பிவைத்தார். பிரெடெரிசியாவிலோ, தமது நாட்டின் அரச மதத்தைச் சேராத அகதிகளை வரவழைத்துக் குடியமர்த்தினார். ஓர் ஊரில் மக்களின் நம்பிக்கையை மாற்ற விரும்பிய அதே மன்னர், மற்றோர் ஊரில் அதில் கைவைக்காமல் விட்டார்.

இந்த முரண்பாட்டைப் புரிந்துகொள்ள அவரது சொந்த வாழ்க்கையில் மத நம்பிக்கை எந்த இடத்தை வகித்தது என்பதைப் பார்க்க வேண்டியுள்ளது.

தாயின் திருச்சபை வேறு

பிரெடெரிக் 1671ஆம் ஆண்டு அக்டோபர் 11ஆம் தேதி கோபன்ஹேகனில் பிறந்தார். தந்தை மன்னர் ஐந்தாம் கிறிஸ்தியான். டென்மார்க்கில் அப்போது மன்னரின் அதிகாரத்துக்கு ஏறக்குறைய எல்லையே இருக்கவில்லை. 1665ஆம் ஆண்டின் அரசச் சட்டம் மன்னருக்கு விதித்திருந்த மிகச் சில கட்டுப்பாடுகளில் முதன்மையானது, அவர் லூத்தரன் திருச்சபையின் விசுவாச அறிக்கையைக் கைக்கொண்டு, நாட்டிலும் அதையே நிலைநிறுத்த வேண்டும் என்பதாகும்.

ஆனால் இளவரசரின் சொந்த வீட்டிலேயே இதற்கு விதிவிலக்கு ஒன்று இருந்தது. அவரது தாய் சார்லட் அமாலி ஜெர்மனியின் ஹெஸ்ஸே காசெல் அரச குடும்பத்தைச் சேர்ந்தவர். கால்வினின் வழிவந்த சீர்திருத்தத் திருச்சபையினர். திருமணத்துக்குப் பின்னும் தமது வழிபாட்டைத் தொடர அவருக்கு உரிமை அளிக்கப்பட்டிருந்தது. கோபன்ஹேகனில் சீர்திருத்தத் திருச்சபையினருக்கென 1689ஆம் ஆண்டு தேவாலயம் எழுப்பப்பட்டதற்கும் அவரது ஆதரவே பெரிதும் காரணம்.

பிரான்ஸ் மன்னர் பதினான்காம் லூயி, புரட்டஸ்தாந்தினருக்கு வழங்கப்பட்டிருந்த வழிபாட்டு உரிமையை 1685இல் ரத்துச் செய்தபோது, ஹியூகெனோட்டுகள் எனப்படும் பிரெஞ்சு சீர்திருத்தத் திருச்சபையினர் பெருந்தொகையினராக நாட்டைவிட்டு வெளியேறினார்கள். அவர்களுக்கு டென்மார்க்கில் புகலிடம் தேட முனைந்தவர்களில் அரசி சார்லட் அமாலியும் ஒருவர். அரச மதத்தைச் சேராத ஒருவரும் இறைப்பற்று மிக்கவராக வாழ முடியும் என்பதைப் பிரெடெரிக் தமது தாயிடமே நேரில் கண்டு வளர்ந்தார்.

தரங்கம்பாடிக்கு இருவர்

பிரெடெரிக் அரியணை ஏறிய காலத்தில் ஜெர்மனியின் ஹாலே நகரை மையமாகக் கொண்டு ஒரு பக்தி இயக்கம் வளர்ந்து வந்தது. சடங்குகளைக் காட்டிலும் மனந்திரும்புதலும், வேத வாசிப்பும், ஏழைகளுக்குச் செய்யும் தொண்டுமே உண்மையான நம்பிக்கையின் அடையாளம் என்பது அவ்வியக்கத்தின் நிலைப்பாடு.

ஹாலேயோடு நல்லுறவு கொண்டிருந்த அரண்மனைப் போதகர் லூட்கென்ஸ் மூலம் அக்கருத்துகள் மன்னரை எட்டின. தம்முடைய ஆளுகைக்கு உட்பட்ட அனைவரின் ஆன்மாவுக்கும் தாமே கடவுளின் முன் பொறுப்பாளி என்ற எண்ணம் அக்கால மன்னர்களிடம் வலுவாக இருந்தது. தரங்கம்பாடி 1620 முதல் டென்மார்க்கின் வசம் இருந்தபோதிலும், அங்கு வாழ்ந்த தமிழர்களிடையே மதப் பணி எதுவும் அரசின் சார்பில் தொடங்கப்பட்டிருக்கவில்லை.

எனவே 1705இல் மன்னர் ஆட்களைத் தேடச் சொன்னார். ஜெர்மானிய இளைஞர்களான பார்த்தலோமேயு சீகன்பால்க், ஹென்ரிக் புளுட்சோ ஆகிய இருவரும் தெரிவு செய்யப்பட்டு, 1706ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் தேதி தரங்கம்பாடியை அடைந்தார்கள்.

மன்னரின் விருப்பம் அங்கிருந்த வணிகக் கம்பெனிக்கு உவப்பாக இருக்கவில்லை. மதப் பணி வணிகத்துக்கு இடையூறாகும் என்று அஞ்சிய கோட்டைத் தளபதி ஹாசியுஸ், சீகன்பால்க்கைச் சுமார் நான்கு மாத காலம் சிறையில் அடைத்தார். மன்னரின் ஆணை கடல் கடந்து போகும்போது எவ்வளவு வலுவிழந்துவிடுகிறது என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

எனினும் மன்னர் அந்தப் பணியைக் கைவிடவில்லை. 1714இல் கோபன்ஹேகனில் அதற்கென ஒரு தனி நிர்வாகக் குழுவை நிறுவினார். சுவீடனுடனான போரில் ஸ்ட்ரால்சுண்ட் நகரை முற்றுகையிட்டிருந்த நிலையிலும், 1715இல் தாயகம் திரும்பியிருந்த சீகன்பால்க்கைப் படை முகாமிலேயே சந்தித்தார். அதே ஆண்டில் தமிழ்ப் புதிய ஏற்பாடு தரங்கம்பாடியில் முழுமையாக அச்சேறியது. 1718இல் அங்கு கட்டி முடிக்கப்பட்ட புதிய எருசலேம் தேவாலயத்தின் முகப்பில் இந்த மன்னரின் அரச முத்திரை பொறிக்கப்பட்டுள்ளது.

இன்னொரு விளைவை மன்னரும் சரி, ஹாலேயினரும் சரி, எதிர்பார்த்திருக்கவில்லை. மக்களின் சமயத்தை மாற்ற வந்த சீகன்பால்க், அதைக் கற்கத் தொடங்கினார். தமிழ் ஏடுகளைத் திரட்டினார். தமிழரின் தெய்வங்களைப் பற்றி 1713இல் விரிவான நூல் ஒன்றை எழுதி அனுப்பினார். புறச்சமயத்தை அகற்றத்தான் தொண்டர்கள் அனுப்பப்பட்டார்களே தவிர, அதை ஐரோப்பாவில் பரப்புவதற்கு அல்ல என்று கருதிய ஹாலேயின் தலைவர் பிராங்கே அதை அச்சிட மறுத்தார். அந்நூல் 1867இல்தான் சென்னையில் வெளியானது.

மன்னரின் இரு மனைவியர்

பிறருடைய ஆன்மாவைப் பற்றி இவ்வளவு அக்கறை காட்டிய மன்னரின் சொந்த வாழ்க்கை அவரது திருச்சபையின் விதிகளுக்கு அடங்கியதாக இருக்கவில்லை.

1695இல் அவர் மெக்லன்பர்க் இளவரசி லூயிசாவை மணந்திருந்தார். மனைவி உயிரோடிருக்கும்போதே 1703இல் எலிசபெத் ஹெலன் என்ற பெண்ணை இரண்டாந்தர மணமுறையில் மணந்தார். அவர் அடுத்த ஆண்டே பிரசவத்தில் இறந்தார்.

1711இல், பிரெடெரிசியாவுக்கு அருகேயுள்ள கோல்டிங் கோட்டையில் நடந்த முகமூடி விருந்து ஒன்றில், தலைமை அமைச்சராக இருந்து மறைந்த ரெவென்ட்லோவின் மகள் அன்னா சோபியை மன்னர் கண்டார். பெண்ணின் தாய் இணங்கவில்லை. அடுத்த ஆண்டு மன்னர் அப்பெண்ணை வீட்டிலிருந்து கவர்ந்து சென்று மணம் புரிந்தார். 1721இல் அரசி லூயிசா இறந்ததும், அடக்கம் முடிந்த மறுநாளே அன்னா சோபியை முறைப்படி மணந்து, பின்னர் அரசியாகவும் முடிசூட்டினார். அரச குடும்பத்திலும் பிரபுக்களிடையேயும் இது பெரும் கசப்பை ஏற்படுத்தியது.

ஒருவருக்கு ஒரு மனைவி என்பதே திருச்சபையின் சட்டம். குடிமகன் ஒருவன் இவ்வாறு செய்திருந்தால் தண்டனைக்கு உள்ளாகியிருப்பான். மன்னரைத் தண்டிக்க நீதிமன்றம் எதுவும் இல்லை. அவர் அஞ்சியது கடவுளுக்கு மட்டுமே.

அந்த அச்சத்துக்குக் காரணங்கள் அடுத்தடுத்து வந்து சேர்ந்தன. 1711இல் கோபன்ஹேகனைத் தாக்கிய கொள்ளைநோய் அந்நகர மக்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினரைப் பலிகொண்டது. 1728இல் மூண்ட பெருந்தீ தலைநகரின் பெரும் பகுதியைச் சாம்பலாக்கியது. அன்னா சோபி பெற்ற பிள்ளைகள் எவரும் குழந்தைப் பருவத்தைத் தாண்டவில்லை. பிள்ளைகளின் மரணத்தைத் தமது பாவத்துக்குக் கிடைத்த தண்டனையாகவே மன்னர் எடுத்துக்கொண்டார்.

பிரெடெரிசியாவின் புதிய குடிகள்

இதே காலப்பகுதியில்தான் பிரெடெரிசியா அவரது கவனத்துக்கு வருகிறது.

பிரெடெரிசியா 1650இல் அவரது பாட்டனார் மூன்றாம் பிரெடெரிக்கால் தோற்றுவிக்கப்பட்ட கோட்டை நகரம். 1657இல் சுவீடன் படைகள் அதைத் தாக்கிக் கைப்பற்றின. போருக்குப் பின்னர் நகரைச் சுற்றிப் பெரிய மதில் மேடுகள் இருந்தன. உள்ளே குடியிருக்கத்தான் போதிய மக்கள் இல்லை. எனவே 1670களிலும் 1680களிலும், கடன்பட்டோருக்குப் புகலிடம், பிற சமயத்தாருக்கு வழிபாட்டுச் சுதந்திரம் என நாட்டில் வேறெங்கும் காணக் கிடைக்காத சலுகைகள் அந்நகருக்கு வழங்கப்பட்டன. யூதர்களும் கத்தோலிக்கர்களும் அங்கு வந்து குடியேறினார்கள்.

1719ஆம் ஆண்டு, சுவீடனுடனான நீண்ட போர் முடிவை நெருங்கிய வேளையில், நான்காம் பிரெடெரிக் இச்சலுகைகளைக் காட்டி, ஜெர்மனியின் பிராண்டன்பர்க் பகுதியில் தங்கியிருந்த ஹியூகெனோட் குடும்பங்களை அழைத்தார். 1721 வரை அவர்கள் வந்துகொண்டிருந்தார்கள். மதிலுக்குள் வெறுமையாகக் கிடந்த மனைகள் அவர்களுக்கு அளிக்கப்பட்டன. அவற்றில் அவர்கள் புகையிலை பயிரிட்டார்கள்.

மன்னருக்கு வேண்டியிருந்தது வரி செலுத்தும் குடிகளும் புதிய வேளாண் முறைகளும். ஆக, இதைச் சமயச் சகிப்புத்தன்மை என்று மட்டும் போற்றிவிட முடியாது. ஆயினும் வந்தவர்கள் தமது தாயின் திருச்சபையைச் சேர்ந்தவர்கள் என்பதை மன்னர் அறியாதவர் அல்லர். அவர்கள் தங்கள் முறைப்படி வழிபடலாம் என்ற உறுதிமொழி காப்பாற்றப்பட்டது. மன்னர் மறைந்து சில ஆண்டுகளில், 1736இல் அவர்களது தேவாலயம் கட்டி முடிக்கப்பட்டது. அது இன்றும் அந்நகரில் நிற்கிறது.

இறுதி ஆண்டுகள்

வாழ்வின் பிற்பகுதியில் மன்னரின் பக்தி தீவிரமடைந்தது. கிராமப் பிள்ளைகளுக்காக 240 பள்ளிகளை அவர் கட்டுவித்தார். 1727இல் கோபன்ஹேகனில் அநாதைப் பிள்ளைகளுக்கான பெரிய இல்லம் ஒன்று திறக்கப்பட்டது. கிரீன்லாந்துக்கும், வட நார்வேயின் சாமி மக்களிடையேயும் மதத் தொண்டர்கள் சென்றதும் அவரது ஆட்சியில்தான்.

அதேவேளையில், மேற்கிந்தியத் தீவுகளில் செயிண்ட் ஜான் தீவு 1718இல் டென்மார்க்கின் குடியேற்றமானதும், அங்கு கரும்புத் தோட்டங்களில் ஆப்பிரிக்க அடிமைகள் வேலைக்கு அமர்த்தப்பட்டதும் இதே ஆட்சியில்தான். மன்னரின் மனச்சாட்சியை உறுத்திய பாவங்களின் பட்டியலில் அடிமை வணிகம் இடம்பெற்றதாகத் தெரியவில்லை.

1730ஆம் ஆண்டு அக்டோபர் 12ஆம் தேதி, 59ஆவது பிறந்தநாளுக்கு மறுநாள், ஓடென்சே நகரில் அவர் காலமானார். அவரது மகன் ஆறாம் கிறிஸ்தியான், தந்தையைவிடக் கடுமையான பக்தர். அவர் அன்னா சோபியை அரண்மனையிலிருந்து வெளியேற்றினார். தம் பிறந்த வீட்டு மாளிகையிலேயே காவலில் வாழ்ந்து, 1743இல் அன்னா சோபி இறந்தார்.

சலுகையும் உரிமையும்

நான்காம் பிரெடெரிக்கின் நம்பிக்கை போலியானது என்று ஒதுக்கிவிடுவது எளிது. பாவம் செய்ததும் அதற்காக நடுங்கியதும் ஒரே மனிதர்தான் என்பதே அவரது வாழ்க்கை தரும் சித்திரம். அவரது பக்தி அவரது ஆசைகளைக் கட்டுப்படுத்தவில்லை. ஆனால் பள்ளிகளாகவும், அநாதை இல்லமாகவும், அச்சுக்கூடமாகவும் பிறரிடம் போய்ச் சேர்ந்தது.

அவரால் விளைந்த நன்மைகளில் நிலைத்தவை எவை என்று பார்த்தால், பிற மனிதரின் நம்பிக்கைக்கு இடம் கிடைத்த சந்தர்ப்பங்களே முன்னே நிற்கின்றன. பிரெடெரிசியாவில் அந்த இடம் மன்னரின் தேவையால் கிடைத்தது. தரங்கம்பாடியில் அது, கேட்கவும் கற்கவும் விரும்பிய ஓர் இளைஞரால் கிடைத்தது.

ஆயினும் பிரெடெரிசியா அனுபவித்தது ஒரு மன்னர் தந்த சலுகை மட்டுமே. நகர எல்லையைத் தாண்டினால் அது செல்லாது. தந்த கை அதைத் திரும்பப் பெறவும் கூடும். வழிபாட்டுச் சுதந்திரம் டென்மார்க் முழுவதற்கும் உரிய உரிமையானது 1849ஆம் ஆண்டின் அரசியல் சட்டத்தால்தான். அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே தரங்கம்பாடி பிரிட்டிஷாருக்கு விற்கப்பட்டுவிட்டது.

1983க்குப் பின்னர் இலங்கையிலிருந்து அகதிகளாக டென்மார்க்குக்கு வந்த தமிழர்களில் பலர் யூட்லாந்தில்தான் குடியேறினார்கள். பிரெடெரிசியா அமைந்துள்ள அதே தீபகற்பத்தில், ஹெர்னிங்கில் சித்தி விநாயகர் ஆலயமும், பிராண்டேயில் அபிராமி அம்மன் ஆலயமும் அவர்களது முயற்சியால் உருவாயின. அவற்றுக்காக எந்த மன்னரின் தயவையும் அவர்கள் நாட வேண்டியிருக்கவில்லை. ஹியூகெனோட் அகதிகளுக்கு ஒரு நகரத்தின் மதிலுக்குள் மட்டும் கிடைத்தது, இவர்களுக்கு நாடு முழுவதும் சட்டத்தால் கிடைத்திருக்கிறது.