கார் பேட்டரி மாத்தப் போறீங்களா? சாவியைத் திருப்பினா வண்டி கிளம்ப வழி செய்த கெட்டரிங்கின் கதை

டெல்லியில் ஜனவரி காலை. ஆபீஸுக்கு லேட்டாகிடுச்சு. சாவியைத் திருப்பினா 'டக்... டக்...' என்று ஒரு சத்தம், டேஷ்போர்டு விளக்கு மங்குது, அதோட சரி. மேனுவல் கியர் வண்டின்னா பக்கத்து வீட்டுக்காரரைத் தள்ளச் சொல்லிக் கிளப்பலாம். ஆட்டோமேட்டிக்னா அதுக்கும் வழியில்லை. பேட்டரிக் கடைக்குப் போன் போடுவோம். எத்தனை மாச வாரண்டி வேணும் என்பதுதான் அவர்கள் கேட்கும் முதல் கேள்வியாக இருக்கும்.

அந்தக் கேள்விக்கு முன்னால் நாம் கேட்டுக்கொள்ள வேண்டியது வேறு: இந்தப் பேட்டரி காரில் என்ன வேலை செய்யுது? அதற்கான பதில் 1911-ல் அமெரிக்காவின் ஓஹாயோ மாகாணத்தில் ஒரு இன்ஜினியரின் கையில் உருவானது. அவர் பெயர் சார்லஸ் கெட்டரிங். இன்று நீங்கள் வாங்கப் போகும் பேட்டரியின் குணம் முழுக்க அவர் போட்ட ஒரு கணக்கில் இருக்கிறது.

கண் வலியோடு படித்தவர்

1876 ஆகஸ்ட் 29-ல் லவுடன்வில் ஊருக்குப் பக்கத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார் கெட்டரிங். சின்ன வயதிலிருந்தே பார்வை மோசம். கொஞ்ச நேரம் படித்தாலே தலைவலி. கிராமத்துப் பள்ளியில் வாத்தியாராக இருந்துவிட்டு, ஓஹாயோ மாகாணப் பல்கலைக்கழகத்தில் இன்ஜினியரிங் சேர்ந்தார். கண் ஒத்துழைக்கவில்லை, பாதியில் விட்டார். டெலிபோன் கம்பெனியில் கம்பம் நட்டு ஒயர் இழுக்கும் ஆட்களோடு வேலை பார்த்தார். மறுபடி போய்ப் படித்து 1904-ல் பட்டம் வாங்கியபோது வயது 28-ஐ நெருங்கிவிட்டது.

டிகிரி முடித்ததும் டேட்டன் நகரில் நேஷனல் கேஷ் ரெஜிஸ்டர் கம்பெனியில் வேலை. கடைகளில் பில் போட்டு, காசு எண்ணும் கல்லாப்பெட்டி எந்திரம் செய்யும் கம்பெனி அது. அப்போதெல்லாம் ஒவ்வொரு முறையும் கைப்பிடியைச் சுற்றினால்தான் கல்லா திறக்கும். கெட்டரிங் அதற்குள் ஒரு சின்ன மின்மோட்டாரை வைத்து, பொத்தானைத் தட்டினால் திறக்கும்படி செய்தார். ஊரே பேசும் அளவுக்குப் பெரிய கண்டுபிடிப்பு என்று சொல்ல முடியாது. ஆனால் நம் கதைக்கு அதுதான் விதை.

பகலில் கம்பெனி வேலை. சாயங்காலம் ஆனால், உடன் வேலை பார்த்த எட்வர்ட் டீட்ஸின் வீட்டுப் பின்புறக் கொட்டகைக்குப் போய்விடுவார்கள். அங்கே கார்களுக்கான இக்னிஷன் கருவியைச் செய்து பார்த்தார்கள். காடிலாக் கம்பெனியின் ஹென்றி லேலண்ட் அதைப் பார்த்து 8,000 செட் ஆர்டர் கொடுத்தார். கொட்டகைக் கூட்டம் 1909-ல் கம்பெனியானது. பெயர் டெல்கோ.

கையை முறித்த கைப்பிடி

அன்றைய காரை ஸ்டார்ட் செய்ய, முன்னால் நின்று இரும்புக் கைப்பிடியைச் செருகிச் சுற்ற வேண்டும். நம்ம ஊரில் பழைய லாரிகளையும் ஜீப்புகளையும் அப்படிச் சுற்றிக் கிளப்பியதைப் பெரியவர்கள் பார்த்திருப்பார்கள். இன்ஜின் எதிர்த்து உதைத்தால் கைப்பிடி திரும்பி அடிக்கும். மணிக்கட்டு முறியும், சிலருக்குத் தாடை. லேலண்டின் நண்பர் பைரன் கார்ட்டர் அப்படி அடிபட்டு இறந்ததுதான் லேலண்டை உலுக்கியது என்ற கதை திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. காரணம் எதுவானாலும், கைப்பிடி இல்லாத கார் வேண்டும் என்று அவர் கெட்டரிங்கிடம் வந்தார்.

மின்மோட்டார் வைத்து இன்ஜினைச் சுழற்றும் யோசனை புதுசு இல்லை. ஆனால் நிபுணர்கள் போட்ட கணக்கு பயமுறுத்தியது: இன்ஜினைச் சுழற்ற இன்ஜின் அளவுக்கே ஒரு மோட்டார் வேண்டும், அதை ஓட்டும் பேட்டரியைத் தூக்கவே இன்னொரு வண்டி வேண்டும்.

கெட்டரிங் கல்லாப்பெட்டியை நினைத்துப் பார்த்தார். அதற்குள் இருக்கும் சின்ன மோட்டார் நாள் முழுக்க ஓடுவதில்லை. ஒரு கணம் முழு பலத்தோடு தள்ளிவிட்டு ஓய்வெடுக்கிறது. தொடர்ந்து ஓடினால் எரிந்துபோகும் அளவு சுமையை, சில விநாடிக்கு மட்டும் என்றால் அது தாங்கும். காருக்கும் அவ்வளவுதானே வேண்டும்? இன்ஜின் உயிர் பெற்ற பிறகு அதே மோட்டாரை இன்ஜின் சுற்றட்டும். அப்போது அது ஜெனரேட்டராகி, செலவான மின்சாரத்தைப் பேட்டரியில் திருப்பி நிரப்பட்டும்.

1911 பிப்ரவரியில் அது வேலை செய்தது. 1912 மாடல் காடிலாக்கில் விளக்கு, இக்னிஷன், ஸ்டார்ட்டர் மூன்றும் ஒரே ஏற்பாடாக வந்தன. பேட்டன்ட் கிடைக்க 1915 ஆனது. ஃபோர்டு மாடல் டி-க்கு ஸ்டார்ட்டர் வர 1919 வரை பொறுக்க வேண்டியிருந்தது.

இதில் ஒரு வேடிக்கை. அந்தக் காலத்தில் மின்சாரக் கார்களும் நிறைய ஓடின. கைப்பிடி சுற்ற வேண்டாம் என்பதுதான் அவற்றின் பெரிய பலம். பெட்ரோல் காருக்குள் ஒரு பேட்டரி புகுந்ததும் அந்தப் பலம் போச்சு. மின்சாரக் காரை ஓரங்கட்டியதில் ஒரு பேட்டரிக்குப் பெரும் பங்கு உண்டு! இன்றைய மின்சாரக் கார்களிலும், பெரிய பேட்டரியோடு சேர்த்து 12 வோல்ட் குட்டிப் பேட்டரி ஒன்று தனியாக இருக்கிறது. அது செத்தாலும் வண்டி நகராது.

சரி, கடையில் என்ன பார்க்கணும்?

கெட்டரிங்கின் கணக்கை நம் வண்டிக்குப் போட்டுப் பார்ப்போம். ஸ்டார்ட்டர் 150 ஆம்பியர் இழுக்கிறது, 2 விநாடி ஓடுகிறது என்று வையுங்கள். செலவு 0.1 ஆம்பியர்-அவர்கூட இல்லை. சின்ன பெட்ரோல் கார்களில் இருப்பது 35 ஆம்பியர்-அவர் பேட்டரி. அதாவது கார் பேட்டரி ஒரு தண்ணீர் டேங்க் மாதிரி இல்லை, ஒரே மூச்சில் ஊற்றும் வாளி மாதிரி. அதனால்தான் உள்ளே மெல்லிய ஈயத் தகடுகள் நிறைய அடுக்கியிருப்பார்கள். இன்வெர்ட்டர் பேட்டரியில் தகடு தடிமன். மணிக்கணக்கில் நிதானமாகக் கொடுக்க அது சரி. விலை குறைவு, ஆம்பியர்-அவர் அதிகம் என்று அதைக் காரில் போடச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

லேபிளில் ஆம்பியர்-அவரோடு 'சி.சி.ஏ.' என்று ஒரு எண் இருக்கும். மைனஸ் 18 டிகிரி குளிரில் 30 விநாடிக்கு அந்தப் பேட்டரி எத்தனை ஆம்பியர் கொடுக்கும் என்பதைச் சொல்வது அது. நம்ம ஊரில் லடாக் மாதிரி இடங்களை விட்டால் அந்தக் குளிர் ஏது என்று கேட்கலாம். ஆனால் அந்த எண்தான் வாளியின் வாய் எவ்வளவு அகலம் என்று காட்டும், குறிப்பாக டீசல் வண்டிக்கு. கம்பெனி மேனுவலில் சொன்ன அளவுக்குக் குறையாமல் வாங்குங்கள். ரொம்பப் பெரிசாகப் போட வேண்டிய அவசியமும் இல்லை.

அளவு, பாசிட்டிவ் முனை எந்தப் பக்கம் என்பதெல்லாம் சின்ன விஷயமாகத் தெரியும். ஒரு தடவை என் வண்டிக்கு வந்த மெக்கானிக், முனை மாறியிருந்த பேட்டரியை வைத்து கேபிளை இழுத்துக் கட்டிவிட்டுப் போனார். ரெண்டே மாசத்தில் கேபிளின் உறை உரசித் தேய்ந்தது. பழைய பேட்டரியைப் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு பேசுவது நல்லது. சிக்னலில் தானாக அணைந்து தானாகக் கிளம்பும் ஸ்டார்ட்-ஸ்டாப் வண்டி என்றால் சாதாரணப் பேட்டரி சீக்கிரம் செத்துவிடும். ஏ.ஜி.எம். வகை இருந்த இடத்தில் ஏ.ஜி.எம்., ஈ.எஃப்.பி. இருந்த இடத்தில் குறைந்தது ஈ.எஃப்.பி.

தயாரிப்புத் தேதி முக்கியம். அலமாரியில் சும்மா இருந்தாலும் பேட்டரி இறங்கும். ஆறு மாசத்துக்கு மேல் பழசு என்றால் வேறு கேளுங்கள். வாரண்டியிலும் கவனம் வேணும்: பெரிய எழுத்தில் போடும் மாதக் கணக்கில் ஒரு பகுதிதான் இலவச மாற்று, மீதி காலத்துக்கு விலையில் தள்ளுபடி மட்டும்.

இதையெல்லாம் விட முதலில், பேட்டரிதான் குற்றவாளியா என்று பாருங்கள். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ், 12.2 என்றால் பாதிதான். இன்ஜின் ஓடும்போது பொதுவாக 13.8 முதல் 14.5 வரை இருக்கணும். அது வரவில்லை என்றால் பிரச்சினை ஆல்டர்னேட்டரில் இருக்கலாம். கெட்டரிங் சொன்ன திருப்பி நிரப்பும் வேலை நடக்கவில்லை என்று அர்த்தம். புதுப் பேட்டரி போட்டாலும் நாலு நாளில் அதே 'டக்... டக்...'.

இன்னொன்று: டெல்லியில் பேட்டரி சாவது ஜனவரியில், ஆனால் அதைக் கொன்றது பெரும்பாலும் ஜூன் வெயில். பானெட்டுக்குள் சூடு ஏற ஏறத் தகடுகள் வேகமாக அரிக்கும். குளிரில் வலு குறையும்போது அந்தச் சேதம் வெளியே தெரிகிறது, அவ்வளவுதான். நாக்பூரிலோ ஜெய்ப்பூரிலோ மூன்று வருஷம் ஓடினால் குறை சொல்வதற்கில்லை.

இரண்டாவது ஈயம்

டெல்கோ 1918-ல் ஜெனரல் மோட்டார்ஸின் கைக்கு வந்தது. கெட்டரிங் அதன் ஆராய்ச்சிப் பிரிவுக்குத் தலைவரானார். 1947 வரை அந்த நாற்காலி அவருடையது. காற்றால் குளிரும் ஷெவர்லே இன்ஜின் ஒன்றைச் செய்து 1923-ல் படுதோல்வி கண்டார். விற்ற கார்களைத் திரும்ப வாங்க வேண்டிய நிலை, ராஜினாமா கடிதம்வரை போனது. டீசல் ரயில் இன்ஜின், குளிர்பதனத்துக்கான ஃப்ரியான் வாயு என்று அவர் ஆய்வகத்திலிருந்து வந்தவை ஏராளம். அந்த வாயு ஓசோன் படலத்தை அரித்தது பின்னாளில்தான் தெரிந்தது.

ஆனால் அவர் வாழ்க்கையில் கறையாக நிற்பது ஈயம் கலந்த பெட்ரோல். இன்ஜினில் 'நாக்கிங்' என்னும் தட்டும் சத்தத்தை நிறுத்த, அவருக்குக் கீழ் வேலை பார்த்த தாமஸ் மிட்ஜ்லி 1921 டிசம்பரில் டெட்ராஎத்தில் லெட் என்ற பொருளைக் கண்டுபிடித்தார். அதை விற்க 1924-ல் தொடங்கிய எத்தில் கார்ப்பரேஷனுக்கு கெட்டரிங்தான் தலைவர். அதே ஆண்டு அக்டோபரில் நியூஜெர்சியின் பேவே ஆலையில் அந்த விஷத்தைச் சுவாசித்த 5 தொழிலாளர்கள் இறந்தார்கள். 30-க்கும் மேற்பட்டவர்கள் ஆஸ்பத்திரியில். ஈயத்தின் கேட்டைப் பல வருஷமாக ஆராய்ந்த ஹார்வர்டின் டாக்டர் ஆலிஸ் ஹாமில்டன் கடுமையாக எதிர்த்தார். விற்பனை கொஞ்ச காலம் நின்றது, 1926-ல் மறுபடி தொடங்கியது. கெட்டரிங் கடைசிவரை அதைத் தவறென்று ஏற்கவில்லை.

இந்தியாவில் ஈயம் கலந்த பெட்ரோல் 2000-ல்தான் முழுசாக நின்றது. உலகத்தில் கடைசியாக அல்ஜீரியா, 2021-ல். கைப்பிடியின் அடியிலிருந்து லட்சக்கணக்கான மணிக்கட்டுகளைக் காப்பாற்றிய அதே மனிதரின் முடிவு, மூன்று தலைமுறைக் குழந்தைகளின் ரத்தத்தில் ஈயத்தைக் கலந்தது. இரண்டில் எதையும் மறைத்துவிட்டு அவர் கதையைச் சொல்ல முடியாது.

1945-ல் ஜெனரல் மோட்டார்ஸின் ஆல்ஃபிரட் ஸ்லோனுடன் சேர்ந்து நியூயார்க்கில் புற்றுநோய் ஆராய்ச்சிக்கூடம் ஒன்றை நிறுவினார். மறு ஆண்டே மனைவி ஆலிவ் புற்றுநோயில் இறந்தார். கெட்டரிங் டேட்டனில் 1958 நவம்பர் 25-ல், 82 வயதில் காலமானார்.

பழைய பேட்டரியை யாருக்குக் கொடுப்பது?

பெட்ரோலிலிருந்து ஈயம் போய்விட்டது. பேட்டரியில் இன்னும் இருக்கிறது. ஒரு கார் பேட்டரியின் எடையில் பெரும்பகுதி அதுதான். மூடிய பெட்டிக்குள் இருக்கும்வரை நமக்குக் கேடில்லை. கேடு அதை உடைக்கும்போது. யுனிசெஃபும் ப்யூர் எர்த் அமைப்பும் 2020-ல் வெளியிட்ட அறிக்கை, உலகில் சுமார் 80 கோடி குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம் அளவுக்கு மேல் இருப்பதாகச் சொன்னது. அதில் 27.5 கோடிப் பேர் இந்தியக் குழந்தைகள். முக்கியக் காரணமாக அது காட்டியது, கோடாரியால் பேட்டரியைப் பிளந்து திறந்த வெளியில் ஈயத்தை உருக்கும் உரிமமில்லாத பட்டறைகளை.

பழைய பேட்டரியைத் திரும்ப எடுக்க வேண்டும் என்ற விதி இங்கே 2001-லிருந்தே உண்டு. 2022 விதிகள் அந்தப் பொறுப்பைத் தயாரிப்பாளர்கள் மேல் வைத்தன. கடையில் எக்ஸ்சேஞ்ச் விலை குறைவாகத் தெரியும், காயலான் கடைக்காரர் நூறு, இருநூறு கூடத் தருவார். அந்தக் கூடுதல் காசு எப்படிக் கிடைக்கிறது என்றால், ஆசிட்டைச் சாக்கடையில் ஊற்றி, புகையை அக்கம்பக்கத்துக்கு விட்டு. புதுப் பேட்டரி வாங்கும் கடையிலேயே பழசைக் கொடுங்கள். எக்ஸ்சேஞ்ச் தொகையை பில்லில் தனியாக எழுதச் சொல்லுங்கள், அந்த பில்லை வாரண்டி கார்டோடு வண்டியிலேயே வையுங்கள்.