அண்ணல் அம்பேத்கரும் கல்வி உதவித்தொகையும்

அண்ணல் அம்பேத்கரை அரசியல் சட்டம் வகுத்த மேதையாக நாம் அறிவோம். தீண்டாமையை எதிர்த்து நின்ற தலைவராகப் போற்றுகிறோம். அதே அம்பேத்கர் ஒரு காலத்தில் உதவித்தொகைக்கு விண்ணப்பித்து, அதனைப் பெற்றுப் படித்த ஏழை மாணவர் என்பதை நாம் போதிய அளவு எண்ணிப் பார்ப்பதில்லை. நம் கல்விச் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளை நிறைவு செய்யும் இவ்வேளையில், அப்பெருமகனாரின் வாழ்வில் இந்தப் பகுதியை இளைஞர்கள் அறிந்துகொள்வது பயனுடையதாகும்.

1891ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள், மாவ் என்னும் இராணுவக் குடியிருப்பில், சுபேதார் இராம்ஜி சக்பாலுக்கும் பீமாபாய் அம்மையாருக்கும் பதினான்காவது மகவாக அவர் பிறந்தார். சதாரா பள்ளியில் மற்றப் பிள்ளைகளிடமிருந்து விலகி, வீட்டிலிருந்து கொண்டு சென்ற கோணியின் மீது தனியே அமர்ந்தார். தாகம் எடுத்தால் பள்ளிச் சேவகர் வந்து குழாயைத் திறந்துவிட வேண்டும். அவர் வராவிடில் தண்ணீர் இல்லை.

குடும்பம் பம்பாய்க்குக் குடிபெயர்ந்தபின், ஒற்றை அறை கொண்ட வீட்டில் படிப்பு தொடர்ந்தது. மகன் கேட்ட நூல்களை வாங்குவதற்காகத் தந்தை, மணமாகிச் சென்ற தம் பெண்களிடம் நகை வாங்கி அடகு வைத்ததும் உண்டு. பின்னிரவு இரண்டு மணிவரை தாம் விழித்திருந்து, பின்னர் மகனை எழுப்பிப் படிக்கச் செய்வார். அந்தத் தந்தையின் உழைப்பு வீண்போகவில்லை. 1907இல் எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியிலிருந்து பீமராவ் மெட்ரிகுலேஷன் தேறினார்.

அவ்வெற்றியைப் பாராட்டச் சமுதாயத்தார் கூட்டிய கூட்டத்தில் கிருஷ்ணாஜி அர்ஜுன் கேளுஸ்கர் என்னும் ஆசிரியர் கலந்துகொண்டார். பூங்காவில் நாள்தோறும் தனியே அமர்ந்து படிக்கும் சிறுவனைக் கண்டு, அவனோடு பழகி, நூல்கள் கொடுத்து ஊக்கியவர் அவர். தாம் எழுதிய புத்தர் வரலாற்று நூலை அன்று பரிசாக அளித்தார். அவருடைய பணி பாராட்டுரையோடு நின்றுவிடவில்லை என்பதே நாம் கருத்தூன்ற வேண்டிய செய்தி.

பீமராவ் இண்டர்மீடியட் தேர்வில் வெற்றி பெற்றபோது, மேலும் படிக்கவைக்கத் தந்தையிடம் பொருள் இல்லை. படிப்பு நின்றுவிடும் நிலை. தாழ்த்தப்பட்ட வகுப்பில் தகுதியுள்ள மாணவர்க்கு உதவத் தயாராயிருப்பதாகப் பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் முன்னர் அறிவித்திருந்தார். அந்த அறிவிப்பு கேளுஸ்கரின் நினைவில் இருந்தது. மன்னரிடம் முறையிட்டு, மாணவரை நேரில் அழைத்துச் சென்று நிறுத்தினார். மன்னர் கேட்ட வினாக்களுக்கு இளைஞர் தெளிவாக விடையளித்தார். மாதம் 25 ரூபாய் உதவித்தொகை கிடைத்தது.

இந்நிகழ்ச்சியில் மூவர் பங்கு உண்டு. கொடுக்க மனமுள்ள மன்னர் ஒருவர். பெறத் தகுதியுள்ள மாணவர் ஒருவர். இருவரையும் இணைத்துவைத்த ஆசிரியர் ஒருவர். மூன்றாமவர் இல்லாதிருந்தால், முதலிருவரும் பம்பாயிலும் பரோடாவிலுமாக ஒருவரையொருவர் அறியாமலே இருந்திருப்பர்.

1912இல் பி.ஏ. பட்டம் பெற்ற அம்பேத்கர், மறு ஆண்டில் பரோடா அரசுப் பணியில் சேர்ந்தார். சில நாட்களிலேயே தந்தையார் மறைந்தார். அப்போது மன்னர் மாணவர் சிலரை அமெரிக்காவுக்கு அனுப்ப எண்ணியிருந்தார். அம்பேத்கர் அவரைச் சந்தித்துத் தம் விருப்பத்தைத் தெரிவித்து, எழுத்து மூலம் விண்ணப்பம் அளித்தார். 1913 ஜூன் 4ஆம் நாள் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. மாதம் பதினொன்றரை பவுன் வீதம் மூன்றாண்டுகள் உதவி; படித்துத் திரும்பியபின் பத்தாண்டுகள் பரோடாவில் பணி. இதுவே நிபந்தனை.

கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் 1915இல் எம்.ஏ. பட்டம் பெற்றார். 1916இல் இலண்டன் சென்று பொருளாதாரமும் சட்டமும் பயிலத் தொடங்கினார். உதவித்தொகையின் காலம் முடிந்ததால் 1917இல் படிப்பைப் பாதியில் நிறுத்தித் தாயகம் திரும்ப நேர்ந்தது. ஒப்பந்தப்படி பரோடாவில் பணியேற்றார். அத்தனை பட்டங்கள் பெற்றவருக்கும் அந்நகரில் தங்க இடம் கிடைக்கவில்லை. தங்கியிருந்த பார்சி விடுதியிலிருந்தும் விரட்டப்பட்டார்.

அம்பேத்கர் மனம் தளரவில்லை. சிடன்ஹாம் கல்லூரிப் பேராசிரியராகச் சேர்ந்து சிக்கனமாகப் பொருள் சேர்த்தார். கோலாப்பூர் மன்னர் சாகு மகராஜ் உதவினார். நண்பர் நவல் பாத்தேனா 5,000 ரூபாய் கடனளித்தார். 1920இல் மீண்டும் இலண்டன் சென்று, அரைவயிறு உண்டு படித்து, 1923இல் பாரிஸ்டர் தகுதியுடன் திரும்பினார்; அவ்வாண்டிலேயே டி.எஸ்சி. பட்டமும் பெற்றார்.

தாம் ஏறிவந்த ஏணியை அவர் மறக்கவில்லை. 1924இல் பகிஷ்கிருத ஹிதகாரிணி சபையை நிறுவினார். மறு ஆண்டு அச்சபை சோலாப்பூரில் மாணவர் விடுதி திறந்தது. 1942இல் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினரானார். பதவியேற்ற சில மாதங்களிலேயே, அக்டோபர் 29ஆம் நாளிட்ட விரிவான கோரிக்கை மனுவை வைஸ்ராயிடம் அளித்தார். தாழ்த்தப்பட்ட மாணவர்கள் பல்கலைக்கழகங்களில் அறிவியலும் தொழில்நுட்பமும் பயில ஆண்டுக்கு 2 இலட்சம் ரூபாயும், வெளிநாடு சென்று பயில ஒரு இலட்சம் ரூபாயும் ஒதுக்குமாறு அதில் கேட்டிருந்தார். 1944-45ஆம் ஆண்டு முதல், மெட்ரிகுலேஷனுக்கு மேற்பட்ட படிப்பிற்கான உதவித்தொகைத் திட்டம் நடைமுறைக்கு வந்தது.

ஒரு மன்னரின் நல்லெண்ணத்தால் ஒரு மாணவருக்குக் கிடைத்த உதவி, இவ்வாறு ஒரு சமுதாயத்திற்கே உரிய அரசுத் திட்டமாயிற்று. 1946இல் பம்பாயில் அவர் தொடங்கிய சித்தார்த்தா கல்லூரி, வேலைக்குச் செல்லும் ஏழை மாணவர்களுக்கென்று காலை வகுப்புகளை நடத்தியது. தாழ்த்தப்பட்டோரின் கல்வி நலனைத் தனிக் கவனத்துடன் பேணுவது அரசின் கடமை என்பது அரசியல் சட்டத்தின் 46ஆம் பிரிவில் இடம்பெற்றது. 1956 டிசம்பர் 6ஆம் நாள் அண்ணல் மறைந்தார். அவர் திறந்துவைத்த வழி மூடப்படவில்லை.

இளைஞர்களே! அன்று வேண்டியிருந்த முயற்சி இன்றும் வேண்டியிருக்கிறது. திட்டம் இருப்பது வேறு. அது மாணவன் கைக்கு வந்து சேர்வது வேறு. 2021இல் மத்திய அரசு வெளியிட்ட நெறிமுறைகள் பெற்றோரின் ஆண்டு வருமான வரம்பை இரண்டரை இலட்சம் ரூபாய் என வகுத்தன. அவ்வரம்புக்கு உட்பட்டிருந்தும், வருமானச் சான்று காலத்தில் கிடைக்காமையால் உதவியை இழப்போர் உண்டு. மதிப்பெண் பட்டியலில் ஒரு விதமாகவும் ஆதார் அட்டையில் வேறு விதமாகவும் பெயரின் தலைப்பெழுத்து இருப்பதால் விண்ணப்பம் நின்றுபோவதும் உண்டு. வங்கிக் கணக்கில் ஆதார் எண்ணை இணைக்காமையாலும் தொகை வந்து சேராமற் போகிறது. முதலாண்டு பெற்றவர் இரண்டாம் ஆண்டு புதுப்பிக்க மறந்து, கட்டணம் செலுத்த வழியின்றிப் படிப்பையே கைவிடுவது யாவற்றினும் கொடிது.

இவற்றுள் எதுவும் அறிவுக் குறைவால் நேர்வதன்று. எடுத்துச் சொல்ல ஆளில்லாமையால் நேர்வது. ஆகவே பிளஸ் டூ தேர்வு எழுதும் ஆண்டிலேயே சாதிச் சான்றும் வருமானச் சான்றும் பெற்றுவிடுங்கள். பெயர், பிறந்த நாள், தலைப்பெழுத்து ஆகியவற்றை எல்லாச் சான்றுகளிலும் ஒப்பிட்டுப் பாருங்கள். விண்ணப்பித்ததும் கல்லூரி அலுவலகத்தில் அது சரிபார்க்கப்பட்டு மேலே அனுப்பப்பட்டதா என்று கேட்டறியுங்கள். கேட்பதற்குக் கூச்சம் வேண்டா. உதவித்தொகை இரந்து பெறும் பிச்சையன்று; அண்ணல் வாதாடிப் பெற்றுத் தந்த உரிமை.

சங்க உறுப்பினர்களுக்கும் ஒரு விண்ணப்பம். நம்மில் எல்லாரும் அம்பேத்கர் ஆக இயலாது. ஆனால் படித்து வேலையிலிருக்கும் ஒவ்வொருவரும் ஒரு மாணவனுக்குக் கேளுஸ்கர் ஆக இயலும். தம் தெருவில் ஒரு பிள்ளையைத் தேர்ந்து, வட்டாட்சியர் அலுவலகத்திற்கும் வங்கிக்கும் உடன் சென்று, அப்பிள்ளை பட்டம் பெறும்வரை ஆண்டுதோறும் விண்ணப்பத்தைக் கவனித்துக்கொள்ள ஒருவர் முன்வந்தால் போதும். அண்ணலின் பெயரால் நாம் எடுக்கும் விழாக்கள் அப்போதுதான் பொருளுடையவை ஆகும்.