நாசிக்கில் கூடாரமடித்த பால்கே

பம்பாயில் எடுத்த முதல் படமே நன்றாக ஓடியது. ஆனாலும் அந்த ஆண்டே மூட்டை கட்டிக்கொண்டு நாசிக் போய்விட்டார் தாதாசாகேப் பால்கே.

நாசிக்கை அடுத்த திரியம்பகேசுவரத்தில் 1870ல் பிறந்தவர். தந்தை சமஸ்கிருத பண்டிதர். பால்கே ஓவியம் கற்றார், போட்டோ பிடித்தார், அச்சுத் தொழில் பார்த்தார், எதிலும் நிலைக்கவில்லை. ஏசுநாதர் வரலாற்றைச் சொல்லும் ஊமைப் படம் ஒன்றைப் பார்த்தது முதல் சினிமாப் பைத்தியம் பிடித்தது. இன்சூரன்ஸ் பாலிசியின் பேரில் கடன் வாங்கி, 1912ல் லண்டன் சென்று காமிராவுடன் திரும்பினார். மனைவி சரசுவதிபாயின் நகைகளும் போயின. பிலிமில் துளை போடுவது முதல் கழுவுவது வரை அந்த அம்மாளும் பாடுபட்டார்.

தாதரில் 'ராஜா அரிச்சந்திரா' தயாராயிற்று. நடிக்கப் பெண்கள் வராததால், ஓட்டல் சமையற்காரர் சாலுங்கே சந்திரமதி வேடம் போட்டார். வெளிப்புறக் காட்சிக்காக வாங்கணி கிராமத்துக்குப் போனால், கத்தியும் கேடயமுமாக வந்தவர்களைக் கொள்ளைக்காரர்கள் என்று எண்ணி ஊரார் போலீசுக்குச் சொல்லிவிட்டார்கள்! 1913 மே 3ந் தேதி படம் வெளியாயிற்று.

பிறகுதான் நாசிக். அன்று சினிமாவுக்குச் சூரியனே விளக்கு. சயாத்திரி மலைக்கு அப்பால் இருப்பதால் பம்பாய் போல அங்கே மழை கொட்டுவதில்லை. புராணக் கதைக்கு வேண்டிய ஆறு, படித்துறை, கோயில், குன்று எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில். ராமர் வாழ்ந்ததாகச் சொல்லும் பஞ்சவடியே அங்கேதான். படப்பெட்டியை பம்பாய்க்கு அனுப்ப ரயிலும் உண்டு. நடிகர்களும் தொழிலாளர்களும் ஒரே இடத்தில் தங்கி, ஒரே பந்தியில் சாப்பிட்டு வேலை செய்தார்கள். 1917ல் வந்த 'லங்கா தகனம்' படத்தில் ராமரும் சீதையும் அதே சாலுங்கேதான்.

ஊர் எல்லாம் கொடுத்தது. பணம் மட்டும் பம்பாயில் இருந்தது. 1918ல் கூட்டாளிகளுடன் இந்துஸ்தான் கம்பெனியைத் தொடங்கினார். செலவு பற்றி ஓயாத தகராறு. பணம் போட்டவர்கள் கணக்குக் கேட்டது தப்பென்றும் சொல்ல முடியாது. பால்கே வெறுத்துப்போய்க் காசிக்குச் சென்றார். சில காலம் கழித்துத் திரும்பினார்.

1931ல் பேசும்படம் வந்தது. இனி வேண்டியது வெயிலல்ல. சத்தம் புகாத சுவரும் மின்சார விளக்கும். கடைசிப் படமான 'கங்காவதரண்' படத்தை (1937) கோல்ஹாப்பூர் ஸ்டூடியோவில்தான் எடுத்தார்.

1944 பிப்ரவரி 16ந் தேதி நாசிக்கிலேயே காலமானார். குன்றும் ஏரியும் சூழ, கோரேகாவில் 1977ல் அமைந்த பிலிம் சிட்டிக்குப் பிற்காலத்தில் அவர் பெயரைச் சூட்டினார்கள்.