பொத்தான் அச்சிலிருந்து காசு அச்சுவரை: மத்தியூ போல்ட்டனின் வாழ்க்கை

ஒல்லாந்தர் காலத்தில் திருகோணமலையிலும் காசு அடிக்கப்பட்டது என்பது எங்கள் ஊரிலேயே பலருக்குத் தெரியாது. ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் இலங்கையில் வெளியிட்ட செம்புக் காசுகளில், கம்பனியின் சின்னத்துக்கு மேலே ஒரு சிறிய உரோம எழுத்து இருக்கும். 'சி' என்றால் கொழும்பு. 'ஜி' என்றால் காலி. 'ஐ' என்றால் யாழ்ப்பாணம். 'ரி' என்றால் திருகோணமலை. நாம் இன்றும் சொல்லும் 'துட்டு' என்ற சொல்லே 'டொய்ட்' என்ற ஒல்லாந்தக் காசின் பெயரிலிருந்து வந்தது என்பார்கள்.

அந்தக் காசுகள் கையால் அடிக்கப்பட்டவை. கீழே ஒரு அச்சு அசையாமல் நிற்கும். அதன் மேல் செம்புத் துண்டு, அதற்கு மேல் இன்னொரு அச்சு. பிறகு சம்மட்டி. அடி கொஞ்சம் சரிந்தால் எழுத்தில் பாதி காசின் விளிம்புக்கு வெளியே போய்விடும். ஒரு காசைப் போல இன்னொன்று இருக்காது.

துறைமுகத்தை அண்டிய சிறு பட்டறைகளைப் பற்றி எழுதுவதற்காகச் சில வாரங்கள் அலைந்தபோது ஒரு விஷயம் என் கண்ணில் பட்டது. தகரத்தை வெட்டி வளைத்து ஒரு பொருளாக்கும் அழுத்து இயந்திரத்தைப் பழுது பார்க்க இங்கே ஆள் உண்டு. அதற்குள் பூட்டும் அச்சை, பட்டறைக்காரர் 'டை' என்று சொல்லும் உருக்குக் கட்டையை, செய்துதர ஆளைத் தேடத்தான் வேண்டியிருக்கிறது. பொருளின் உருவம் முழுவதும் அந்தக் கட்டைக்குள்தான் இருக்கிறது. அச்சின் பலம் இவ்வளவு பெரியது என்பதை முதலில் புரிந்துகொண்டவர்கள் யார் என்று தேடிப் போனபோது கிடைத்தவர் மத்தியூ போல்ட்டன். நீராவி இயந்திரத்தில் ஜேம்ஸ் வாட்டின் பங்காளியாக உலகம் அவரை அறியும். என் பார்வையில் அவர் முதலில் ஓர் அச்சுத் தொழிலாளி.

போல்ட்டன் 1728இல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் பிறந்தார். தந்தையின் தொழில் பொத்தான், இடுப்புவார்க் கொளுக்கி போன்ற சின்னஞ்சிறு உலோகச் சாமான்கள். உருக்கு அச்சில் செதுக்கிய பூவும் கொடியும் ஒரே அழுத்தில் தகட்டில் பதியும் தொழில் அது. பதின்ம வயதிலேயே பள்ளியை விட்டுப் பட்டறைக்குள் வந்தார் மகன். 21 வயதில் தந்தையின் பங்காளியானார்.

1759இல் தந்தையும் போனார், மனைவி மேரியும் போனார். அடுத்த ஆண்டே மேரியின் தங்கை ஆனை மணந்தார். மனைவியின் தங்கையை மணப்பதைத் திருச்சபைச் சட்டம் ஏற்காத காலம் அது. இரண்டு மனைவியரும் கொண்டுவந்த குடும்பச் சொத்துத்தான் அவருடைய தொழிலுக்கு முதலானது. அதைக் கொண்டு ஊருக்கு வெளியே சோஹோ என்ற இடத்தில், 1760களின் நடுப்பகுதியில் ஒரு பெரிய தொழிற்சாலையை எழுப்பினார். சிதறிக் கிடந்த பட்டறை வேலைகள் அங்கே ஒரே கூரையின் கீழ் வந்தன.

வெள்ளிப் பாத்திரம் செய்யத் தொடங்கியதும் புதிய சிக்கல் வந்தது. வெள்ளியின் தரத்தைச் சோதித்து முத்திரை குத்தும் அலுவலகம் பர்மிங்ஹாமில் இல்லை. பாத்திரங்களைத் தொலைவிலுள்ள ஊருக்கு அனுப்ப வேண்டும். வழியில் நசுங்கும். புதிய வடிவங்களை மற்றவர்கள் பார்த்துக் களவாடும் பயமும் உண்டு. போல்ட்டன் நாடாளுமன்றம்வரை போய் வாதாடி, 1773இல் அந்த அலுவலகத்தைத் தன் ஊருக்கே கொண்டுவந்தார். அதன் முத்திரை நங்கூரம். பக்கத்தில் கடலே இல்லாத ஊருக்கு நங்கூரம் எப்படி வந்தது என்று கேட்டால், லண்டனில் பேச்சுவார்த்தை நடந்த விடுதியின் பெயரிலிருந்து வந்தது என்று ஒரு கதை சொல்வார்கள்.

1775இல் ஜேம்ஸ் வாட்டுடன் கூட்டுச் சேர்ந்தார். வாட் கண்டுபிடிப்பாளர். கடன் வாங்கி, வாடிக்கையாளரைப் பிடித்து, நல்ல தொழிலாளரைச் சேர்த்து அந்த இயந்திரத்தை விலைபோகச் செய்தவர் போல்ட்டன். கோர்ன்வோல் சுரங்கங்களிலிருந்து நீர் இறைக்க அது உதவியது. கரிபியன் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்கும் அவர்களுடைய நிறுவனத்தின் இயந்திரங்கள் போயின. அடிமைகளின் உழைப்பில் நடந்த தோட்டங்கள் அவை. அவருடைய புகழைச் சொல்லும்போது இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அந்தக் காலத்து இங்கிலாந்தில் புழங்கிய செப்புக் காசில் பெரும்பகுதி போலி. கூலியாகப் போலிக் காசை வாங்கிய ஏழை, கடைக்காரர் அதை மறுத்தால் பட்டினி கிடக்க வேண்டும். போலிகள் மலிந்த ஊர்களில் முதன்மையானது பர்மிங்ஹாம். பொத்தானுக்கு அச்சுச் செதுக்கத் தெரிந்த கைகளுக்குக் காசு அச்சும் கடினமில்லை. போலியின் சூட்சுமத்தை உள்ளிருந்தே அறிந்த ஊர்க்காரரான போல்ட்டன், அதைத் தடுக்கும் வழியையும் அச்சிலேயே தேடினார்.

வழி இதுதான். மூல உருவத்தைக் கைதேர்ந்த செதுக்குநர் ஒருமுறை மட்டும் செதுக்குவார். அதைச் சூடேற்றிக் குளிர்வித்துக் கடினமாக்கி, மிருதுவான உருக்குக் கட்டைகளில் அழுத்தினால் ஒரே மாதிரியான பல அச்சுகள் பிறக்கும். அந்த அச்சுகளையும் பதப்படுத்த வேண்டும். பதம் மிஞ்சினால் வெடிக்கும், குறைந்தால் அமுங்கும். அடிக்கும்போது செம்பு பக்கவாட்டில் பரவாமல் ஒரு வளையம் பிடித்துக்கொள்ளும். சம்மட்டி பிடித்த கையின் வேலையை நீராவி இயந்திரம் செய்யும். 1788இல் சோஹோ நாணயச்சாலை எழுந்தது. நீராவியில் ஓடிய 8 இயந்திரங்கள், ஒவ்வொன்றும் நிமிடத்துக்கு 70 முதல் 84 காசுகளை அடித்தன.

அச்சு செதுக்க முதலில் வந்த சுவிற்சர்லாந்துக்காரர் ட்ரோஸுக்கும் அவருக்கும் ஒத்துப்போகவில்லை. 1793இல் வந்த ஜேர்மனியரான கூக்லர்தான் கடைசிவரை நிலைத்தார். 1797இல் பிரித்தானிய அரசாங்கம் போல்ட்டனிடம் செப்புக் காசுகளை அடிக்கச் சொன்னது. கூக்லர் செதுக்கிய ஒரு பென்னி 1 அவுன்ஸ் எடை, இரண்டு பென்னி 2 அவுன்ஸ். தடித்த விளிம்பைப் பார்த்து மக்கள் அவற்றை வண்டிச்சில்லு என்றே அழைத்தார்கள். அதையும் போலி செய்தவர்கள் இருந்தார்கள். ஆனால் பழைய காசைப் போல அது இலகுவான வேலையாக இருக்கவில்லை.

இந்த இடத்தில் கதை எங்கள் கடலுக்கு வருகிறது. போல்ட்டனின் முதல் பெரிய காசு வாடிக்கையாளர் இங்கிலாந்து அரசாங்கம் அல்ல, ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பனி. 1786இல் சுமாத்திராவுக்கான காசுகளில் அந்த உறவு தொடங்கியது. பிறகு பம்பாய்க்கு, 1794இலும் 1803இலும் சென்னை மாகாணத்துக்கு என்று சோஹோவின் செம்பு கப்பல் கப்பலாக வந்தது. 1795இல் திருகோணமலைக் கோட்டை ஆங்கிலேயரிடம் விழுந்தது. அதோடு 'ரி' எழுத்துக் காசின் காலமும் முடிந்தது.

சென்னைக்காக சோஹோவில் அடித்த 1803ஆம் ஆண்டுக் காசில் ஆங்கிலமும் பாரசீகமும் உண்டு. தமிழ் இல்லை. சில ஆண்டுகள் கழித்துச் சென்னையிலேயே அடிக்கப்பட்ட செப்புக் காசுகளில் தமிழும் தெலுங்கும் இருக்கின்றன. இரண்டையும் வெளியிட்டது ஒரே கம்பனிதான். அச்சு எங்கே வெட்டப்படுகிறது என்பது காசில் எந்த மொழி ஏறும் என்பதையும் தீர்மானித்திருக்கலாம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

தொழிலாளர் விடயத்தில் அவர் காலத்துக்கு முந்தியவர். கூலியில் 60இல் ஒரு பங்கைப் பிடித்து, நோயுற்றவருக்கும் காயப்பட்டவருக்கும் உதவும் நிதி ஒன்றை நடத்தினார். தொழில் இரகசியத்தில் மட்டும் கடைசியில் இறுகிப்போனார். பெருமையோடு விருந்தினருக்குத் திறந்துவைத்த தொழிற்சாலையை, நூற்றாண்டு திரும்பியதும் மூடிக்கொண்டார்.

நாணயச்சாலைகளையே முழுமையாகச் செய்து விற்பதும் அவருடைய தொழிலாயிற்று. ரஷ்யாவும் டென்மார்க்கும் வாங்கின. லண்டன் அரச நாணயச்சாலையும் அவருடைய இயந்திரங்களுக்கு மாறியது. 1809 ஜனவரியில், சென்னைக்கான சோஹோ காசுகளைத் தொன் கணக்கில் ஏற்றிவந்த 'அட்மிரல் கார்ட்னர்' என்ற கப்பல் இங்கிலாந்துக் கரைக்கு அருகிலேயே மணல்திட்டில் மோதி மூழ்கியது. அதே ஆண்டு ஓகஸ்ட் 17ஆம் திகதி, நீண்டநாள் சிறுநீரகக் கல் உபாதையுடன் இருந்த போல்ட்டன் இறந்தார். 2011இல் இங்கிலாந்து வங்கி 50 பவுண் தாளில் அவரையும் வாட்டையும் சேர்த்து அச்சிட்டது.

1820களில் கல்கத்தாவுக்கும் பம்பாய்க்கும் சோஹோவின் இயந்திரங்கள் வந்து சேர்ந்தன. பின்னாளில் இலங்கையின் சதங்களும் கல்கத்தாவில் அடிக்கப்பட்டன. சுதந்திரத்துக்குப் பிறகும் எங்கள் காசுகளை வெளிநாட்டு நாணயச்சாலைகளே அடித்துத் தருகின்றன.

காசை வெளியே அடிப்பிப்பதால் நாடு குறைந்துவிடாது. சிறிய நாடுகள் பல அப்படித்தான் செய்கின்றன. என் கவலை பட்டறைகளைப் பற்றியது. திருகோணமலைத் துறைமுகத்தைச் சுற்றித் தொழில்கள் வரப்போகின்றன என்று ஒவ்வொரு அரசாங்கமும் சொல்கிறது. வரட்டும். எங்கள் பிள்ளைகளுக்கு இயந்திரத்தை ஓட்டும் பயிற்சி மட்டும் கொடுத்தால், அச்சு தேய்ந்தவுடன் வேலை நிற்கும். புதிய அச்சு வரும்வரை அவர்கள் கையைக் கட்டி நிற்க வேண்டியதுதான். உருக்கைச் செதுக்கவும் பதப்படுத்தவும் ஆண்டுக்குப் பத்துப் பேருக்காவது இங்கே ஒழுங்காகச் சொல்லிக்கொடுக்க வேண்டும். போல்ட்டன் தந்தையின் பட்டறையில் கற்றுக்கொண்ட முதற்பாடமும் அதுதான்.